காத்தாயி தின்ற கல்

காத்தாயி என்ற கர்ப்பிணிப் பெண்ணைத் தோட்டத்து ஆட்கள் எல்லோர் முன்னாலும் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க வைத்தேன். அவள் செய்த குற்றம் கல் தின்றது. நான் செய்ததுதான் குற்றம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து, வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதியவை பெரும்பாலும் பிறர் எனக்குச் செய்தவை. படிக்க வைத்தது, வேலைக்கு அலைய வைத்தது, கடைசியில் ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் நடுவிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரசராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. டிரசர் என்றால் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவர். டாக்டர் வராத நாளெல்லாம் அவர்தான் டாக்டர்.

இந்த வாரம் நான் பிறருக்குச் செய்ததை எழுத வேண்டியிருக்கிறது. தள்ளிப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. பகலில் சற்றுக் கண்ணயர்ந்தாலும் அந்த மலை வந்து எதிரே நிற்கிறது.

மிதக்கும் மலை

இருபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். மழை விட்டிருந்த மாதம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தோட்டத்தின் கிழக்கு எல்லையில் ஒரு சுண்ணாம்பு மலை இருந்தது. கிந்தா பள்ளத்தாக்கைப் பார்த்தவர்களுக்கு அந்த மலைகளைத் தெரியும். சரிவு என்பதே இருக்காது. சமதரையிலிருந்து நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கும். விடியற்காலையில் அடிப்பாகம் பனியில் மறைந்து, மேல்பாதி மட்டும் வானத்தில் மிதக்கும். வெயில் ஏற ஏற மலை மெல்லக் கீழே இறங்கி வந்து தரையில் உட்காரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் இன்னும் தூக்கத்திலிருந்து எழவில்லையோ என்று நினைத்தேன்.

மலையை ஒட்டியிருந்த ரப்பர்க் காட்டுக்கு மலையடி வெட்டு என்று பெயர். காத்தாயி அங்கேதான் பால்மரம் சீவினாள். அந்த மரங்களுக்கு அடியில், இலைச் சருகுக்கு நடுவே, மலையிலிருந்து உதிர்ந்த வெள்ளைக் கற்கள் கிடக்கும். கையில் எடுத்தால் குளிர்ந்திருக்கும். விரலில் மாவு ஒட்டும்.

பெரட்டு

வேலைக்குப் போகுமுன் ஆட்கள் வரிசையாகக் கூடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே கூடிவிடுவார்கள். அரிக்கன் விளக்குகள் பனியில் மஞ்சளாகக் கரைந்து தெரியும். கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும் என் வேலை தொடங்கும். காய்ச்சல் வராமலிருக்க ஒவ்வொருவர் வாயிலும் கொய்னாத் தண்ணீரை ஊற்ற வேண்டும். கையில் கொடுத்தால் புல்லில் கொட்டிவிடுவார்கள். அதனால் வாயைத் திறக்கச் சொல்லி, ஊற்றி, விழுங்கியதை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது முறை.

அப்படித்தான் காத்தாயியின் நாக்கைப் பார்த்தேன். அது வெள்ளையாக இருந்தது.

"நல்லாத் திற. என்ன அது?"

"ஒண்ணுமில்லீங்க சாமி."

பக்கத்தில் நின்ற கங்காணி விளக்கை உயர்த்தினார். "என்னா காத்தாயி, எவ வீட்டு மாவைத் தின்னுபுட்டு வந்த?"

வரிசையில் சிரிப்பு. காத்தாயி தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "கல்லுங்க. மலையடி வெட்டுல கெடக்குற கல்லு."

பிறகு என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். "இடுப்பெலும்பு வலிக்குதுங்க சாமி. தொடையெல்லாம் கொடையுது. கல்லக் கடிச்சா கொஞ்சம் தேவலாமாட்டம் இருக்கு."

இந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கினேன். வாங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆனால் பயிற்சியின்போது படித்த ஆங்கிலப் புத்தகத்தில் மண் தின்கிறவர்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. மண் தின்றால் வயிற்றில் புழு, புழுவால் சோகை, சோகையால் வேலை நாள் நஷ்டம். இந்தப் பழக்கத்தை உடனே கண்டித்து நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. படித்ததைப் பயன்படுத்த ஒரு சந்தர்ப்பம் வந்துவிட்ட சந்தோஷம்.

"மடியை அவிழ்" என்றேன்.

அவிழ்த்தாள். புளியங்கொட்டை அளவுக் கற்கள் புல்லில் விழுந்தன.

"திரும்பி நின்னு எல்லாருக்கும் நாக்கைக் காட்டு. எல்லாரும் பாத்துக்குங்க. மண்ணையும் கல்லையும் தின்னா வயித்துல புழு வளரும். பிள்ளை வளராது."

அவள் திரும்பினாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. நாக்கை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் முனியன் நாலு ஆள் தள்ளி நின்று தன் கத்தியின் முனையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அய்யே, புருஷன் சோறு போடலயாம், மலையத் தின்றா" என்றாள் ஒருத்தி.

"விட்டா ஈப்போவுக்குப் போற வழியெல்லாம் மலை இல்லாமப் பண்ணிப்புடுவா" என்றான் இன்னொருத்தன்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள், ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் அவளுக்குக் கல்லுதின்னி என்று பேர் வைத்துவிட்டார்கள்.

என் அம்மாவும் ராவுத்தர் வீட்டு அம்மாவும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ஈப்போவில், ஒரு கடைத்தெருவின் பின்பக்கத்தில். எங்கள் அம்மா எட்டுப் பிள்ளை பெற்றாள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் ஒரு பல் ஆடும். கொஞ்ச நாளில் தானே கழன்று வந்துவிடும். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கொல்லைப் பக்கம் எறிவாள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது விரலில் மிஞ்சியதை நக்குவாள். அப்பா, "அது என்ன பழக்கம்?" என்பார். "நாக்கு கேக்குது" என்பாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

எங்களுக்கு அடுத்தது ஒரு ராவுத்தரின் துணிக்கடை. கடைக்கு மேலே அவர் குடும்பம். அவர் மனைவி கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து அந்த மாடியை விட்டு இறங்கியதில்லை. சன்னலுக்குத் திரை. பகலிலும் விளக்கு. நல்ல அம்மா. பெருநாளைக்கு எங்களைக் கூப்பிட்டு நெய்ச்சோறு போடுவார். ஆனால் நடக்கும்போது இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். படி இறங்கும்போது அவருடைய பெண் தாங்கிப் பிடிப்பாள். நானும் என் தம்பியும் வீட்டுக்கு வந்து அதே மாதிரி நடந்து காட்டிச் சிரிப்போம்.

அம்மாவின் பல்லும் அந்த அம்மாவின் நடையும் காத்தாயியின் கல்லும் ஒரே விஷயத்தின் வேறு வேறு முகங்கள் என்று எனக்குச் சொல்லித்தர அப்போது யாரும் இல்லை. வயிற்றிலும் மடியிலும் மாற்றி மாற்றிப் பிள்ளை இருந்தால், அதன் எலும்புக்கு வேண்டியதைத் தாயின் எலும்பு கொடுக்கிறது. சாப்பாட்டிலிருந்து அது திரும்பி வராவிட்டால், அல்லது வெயிலே படாமல் உடம்பு அதை ஏற்க முடியாமல் போனால், தாயின் எலும்பு இளகுகிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இதைச் சொல்லிவிடும்.

அவள் நடை

பெரட்டில் அவமானப்பட்ட பிறகு காத்தாயி மருந்தகத்துக்கு வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. காலையில் கொய்னாவுக்கு வாயைத் திறப்பாள், மூடுவாள். நாக்கு சிவப்பாகத்தான் இருந்தது. கல்லை விட்டுவிட்டாள் என்று எனக்குப் பெருமை.

வலியை அவள் எங்கேயும் சொல்லாமல் விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

சில நாள் மலையடி வெட்டுப் பக்கம் போவேன். பனிக்குள் பால் சொட்டும் சத்தம் கேட்கும். சொட்டுச் சொட்டாக, காடு முழுக்க. அந்தச் சத்தத்துக்கு நடுவே காத்தாயி ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு மரங்களைப் பிடித்துப் பிடித்துப் போவாள். இடது பக்கம் சாய்வாள், வலது பக்கம் சாய்வாள். பனியில் அவள் கால் தெரியாது. தண்ணீரில் படகு போவது மாதிரி இருக்கும். வயிறு கனத்துவிட்டது, அதனால் இப்படி நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பி வந்துவிடுவேன்.

ராவுத்தர் வீட்டு அம்மாவின் நடை எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பத்து காஜா

அவளுக்கு வலி எடுத்தது ஒரு நடுப்பகலில். லயத்து மருத்துவச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். "தலை எறங்க மாட்டேங்குது டிரசரய்யா. வழி இல்ல" என்றாள்.

ரப்பர் ஷீட் ஏற்றிய லோரி ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அந்தக் கட்டுகளின் மேல் பாய் போட்டு அவளைப் படுக்க வைத்தோம். புகை போட்ட ரப்பரின் நாற்றம், வெயில், செம்மண் தூசி. முனியன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வழி நெடுக அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனகல்கூட வரவில்லை. "கத்து புள்ள, கத்தினா தேவலையாகும்" என்று முனியன் கெஞ்சினான். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. ஆண் பிள்ளை.

மறுநாள் பத்து காஜா ஆஸ்பத்திரி டாக்டர் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். வயதான வெள்ளைக்காரர், நிதானமாகப் பேசுகிறவர். இவளுடைய இடுப்பெலும்பு இளகி உள்ளே மடிந்துவிட்டது, பிள்ளை வரும் வழி அதனால்தான் அடைந்தது என்றார். "இவள் என்ன சாப்பிடுகிறாள்?" என்று கேட்டார். சோறு, கருவாடு, மிளகாய் என்றேன். பால் உண்டா? தோட்டத்தில் மாடு வைத்திருந்தார்கள். இளம் ரப்பர்க் கன்றுகளை மேய்கிறது என்று நிர்வாகம் மாடுகளை விற்கச் சொல்லிவிட்டது. மூத்த பிள்ளைக்கு எத்தனை நாள் தாய்ப்பால் கொடுத்தாள்? இன்னும் கொடுக்கிறாள்.

கடைசியாகக் கேட்டார்: "எலும்பு வலிக்கிறது என்று எப்போதாவது உன்னிடம் சொன்னாளா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

இரண்டாவது குற்றம் இது. முதலாவதற்காவது அறியாமையைக் காரணம் சொல்லலாம்.

மன்னிப்பு என்று நான் நினைத்தது

காத்தாயி லயத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி பெரட்டுக்கு வர ஆரம்பித்த பிறகு, எனக்குத் தூக்கம் கெட்டது. ஏதாவது செய்ய வேண்டும். எல்லோர் முன்னால் செய்த தவறுக்கு எல்லோர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த வயதில் அது எனக்கு மிக உயர்ந்த எண்ணமாகப் பட்டது.

ஒரு நாள் காலை, கங்காணி பேர் கூப்பிட்டு முடித்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தேன். "காத்தாயியை நான் கேவலப்படுத்தினது தப்பு. அவ உடம்பு கேட்டதை அவ தின்னா. அதில அசிங்கம் ஒண்ணும் இல்ல. இதோ, நானும் தின்றேன்" என்று சொல்லிக் கல்லை வாயில் போட்டுக் கடித்தேன்.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது:

"டிரசரய்யாவுக்கு எத்தன மாசம்லா?"

களமே அதிர்ந்தது. கங்காணி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பெண்கள் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். வாயெல்லாம் மாவு.

காத்தாயி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். சாய்ந்து சாய்ந்து என் எதிரே வந்து நின்றாள்.

"ஒரு தடவ போதலயா சாமி? இப்பத்தான் மறந்துக்கிட்டு வந்தாங்க. திரும்ப ஞாபகப்படுத்திட்டீங்க."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கொய்னா கொடுக்கவில்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

வெயில்

அதற்குப் பிறகு சத்தமில்லாமல் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று தேடினேன். காத்தாயியின் மகள் செல்லி கண்ணில் பட்டாள்.

செல்லிக்கு இரண்டு வயது முடிந்திருக்கும். அம்மா வேலைக்குப் போகும்போது அவளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவாள். எல்லாத் தாய்மாரும் அப்படித்தான். இருட்டில் கொண்டுவந்து விட்டால், வெயில் சாயும்போதுதான் திரும்ப வந்து தூக்குவார்கள். கொட்டகை இரண்டு வரிசை ரப்பர் மரங்களுக்கு அடியில் இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, தாழ்ந்த வாசல். உள்ளே பகலிலும் பச்சை இருட்டு. ஏணைகள் மெதுவாக ஆடும். டின் பாலைக் கரைத்த தண்ணீர் ஒரு குவளையில் இருக்கும். செல்லி தூணைப் பிடித்து எழுந்து நிற்பாள். கால் இரண்டும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன. மணிக்கட்டு வீங்கியிருந்தது. மண்டை பெரிதாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து காஜாவுக்குப் போய் அதே டாக்டரிடம் இந்தப் பிள்ளையைப் பற்றி மட்டும் கேட்டேன். தாயைப் பற்றி நான் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. மீன் எண்ணெய் கொடு, வெயிலில் போடு, சீமையில் இப்போது இதைத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் பேசிக் கொட்டகைக்கு முன்னாலிருந்த சில மரங்களை வெட்ட வைத்தேன். சட்டென்று சம்மதிக்கவில்லை. பால் தருகிற மரம். பிள்ளைகள் வலுவாக வளர்ந்தால் பிற்பாடு பால்மரம் சீவ ஆளிருக்கும் என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னேன். அந்த வாதம் இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது. மரங்கள் விழுந்தன. கொட்டகை வாசலில் முதல் தடவையாக வெயில் விழுந்தது. பிள்ளைகள் அதை யாரோ வந்துவிட்ட மாதிரிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை அதைக் கையால் அள்ளப் பார்த்தது.

ஆயா தாயம்மா நல்ல வாயாடி. "வெயில்ல போட்டா கறுத்துப் போயிருமே டிரசரே. பொறவு எவன் கட்டுவான் இதுகள? நீங்களா கட்டுவீங்க?" என்றாள். ஆனாலும் காலை எட்டு மணி வாக்கில் பாயை விரித்து, பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி, வரிசையாகப் படுக்க வைப்பாள். மலை பனியிலிருந்து இறங்கி வந்து உட்காரும் நேரம் அது. பிள்ளைகள் மினுமினுவென்று கிடப்பார்கள். நெத்திலியை வறுத்து, எலும்போடு இடித்து, கஞ்சியில் போட்டோம். முருங்கைக் கீரை கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்தது. அதைப் பறிக்க ஆளில்லாமல் இருந்திருக்கிறது.

மீன் எண்ணெய் ஈப்போவிலிருந்து வந்தது. நாற்றம் பொறுக்காது. செல்லிக்குத் தினம் ஒரு கரண்டி.

கரண்டி

நாற்றம்தான் காட்டிக் கொடுத்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காத்தாயி கொட்டகைக்கு வந்து பிள்ளையைத் தூக்கி, வாயை முகர்ந்து பார்த்திருக்கிறாள். நான் உள்ளே இருந்தேன்.

"என்னத்த ஊத்துற எம்புள்ள வாயில?" என்று தாயம்மாவைக் கேட்டாள்.

"ஏன், நானா காச்சினேன்? அவரக் கேளு. கொண்டாந்தவரு அங்க நிக்கிறாரு."

காத்தாயி என் பக்கம் திரும்பினாள். நான் அவளிடம் பேசி மாதக் கணக்காகியிருந்தது. மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய், எலும்புக்கு நல்லது, கால் நிமிரும் என்று சொன்னேன்.

போத்தலை வாங்கினாள். கரண்டியில் ஊற்றித் தன் நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் கோணியது. பிறகு இன்னொரு கரண்டி ஊற்றி, செல்லியின் மூக்கைப் பிடித்து அவளே புகட்டினாள்.

"நாளைலேர்ந்து நானே வந்து குடுத்துக்கிறேன். யாரும் எம்புள்ள வாயத் தொறக்க வேணாம்."

அதிலிருந்து தினமும் சீவின ரப்பர்ப் பாலைக் கொட்டிவிட்டு நேரே வருவாள். கையில் பால் காய்ந்து கறுப்பாகத் திரிந்திருக்கும். கரண்டியைத் தாயம்மாவிடம் வாங்குவாள், கொடுப்பாள், கழுவி வைப்பாள். ஒரு நாள் தைரியம் வந்து, "நீயும் ஒரு கரண்டி சாப்பிடலாம் காத்தாயி" என்றேன்.

"எனக்கு வேணாம்."

அந்த வருஷம் அப்படிப் போயிற்று. செல்லி தூணை விட்டாள். பாயிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து முருங்கை மரத்துக்கு என்று நடந்தாள். காலின் வளைவு ஒரே நாளில் நிமிரவில்லை. பனி விலகுகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியாமல், நிமிர்ந்துகொண்டே வந்தது. காத்தாயியின் நடை மாறவில்லை.

மங்கு

ஒரு மத்தியானம் நான் மருந்தகத்தில் தனியாக இருந்தேன். நிழல் விழுந்தது. காத்தாயி வாசலில் நின்றாள். கையில் ஒரு மங்கு, மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் கிண்ணம், நன்றாகத் தேய்த்துக் கழுவியது. அதை என் மேசைமேல் வைத்தாள்.

"எனக்கும் ஊத்துங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"தல குளிச்சு மூணு மாசமாச்சு" என்றாள்.

ஊற்றினேன். கொஞ்சம் எண்ணெய் மேசையில் சிந்தியது. போன பிரசவத்தில் பிள்ளைக்கு அடைபட்ட அதே வழி இப்போதும் அப்படித்தான் இருந்தது. எண்ணெய் எலும்புக்குத் தெம்பு கொடுக்கும்; மடிந்துபோன எலும்பை விரித்துவிடாது. அவளுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பயம் அவள் முகத்தில் வெளிப்படையாக இருந்தது.

"காத்தாயி, அன்னிக்கு டாக்டர் என்னைக் கேட்டார். நீ வலின்னு சொன்னியான்னு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நீங்க தலைய ஆட்டுனதப் பாத்தேன். இங்கிலீசு தெரியாதுன்னா கண்ணு தெரியாதா சாமி?"

எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ நீங்க போயிச் சொல்லணும். எல்லாத்தையும் சொல்லணும். கல்லு தின்னதையும் சொல்லணும். அப்பத்தான் அந்த டாக்டரு என்னயச் சரியாப் பாப்பாரு. எனக்கு இந்தப் புள்ள வேணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. மறுநாளே விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். டாக்டர் முன்னால் நின்று, பெரட்டில் நடந்ததையும், அவள் சொன்னதையும், நான் தலையாட்டியதையும் வரிசையாகச் சொன்னேன். முடித்ததும், "அன்றைக்கே சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளுக்கு மருந்து தொடங்கியிருப்பேன்" என்றார். வேறு எதுவும் கேட்டு என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுவே போதுமாக இருந்தது.

கல்லில் ஏதாவது பலன் இருந்திருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் சுண்ணாம்பு உள்ளே போயிருக்கும், கொஞ்சம் அழுக்கும் போயிருக்கும், அதனால் குணமாகியிருக்காது என்றார். "ஆனால் கல் தின்கிற பெண் உன்னிடம் ஏதோ சொல்கிறாள். அதை நீ கேட்டிருக்கலாம்."

விஷயம் துரையின் காதுக்கும் போயிற்று. எனக்கு வரவிருந்த பெரிய தோட்டத்து வேலை வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அந்தத் தோட்டத்திலேயே இருந்துவிட்டதால்தான் மற்றதைப் பார்க்க முடிந்தது.

பேறு காலத்துக்கு ஒரு மாதம் முன்பே அவளைப் பத்து காஜாவில் சேர்த்தோம். வலி எடுக்கும்வரை விடாமல், கத்தி வைத்துப் பிள்ளையை எடுத்தார்கள். அந்த நாளில் அது சின்னக் காரியமில்லை. முனியன் ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே குந்தி உட்கார்ந்திருந்தான். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் எனக்கு ஒரு சுருட்டு கொடுத்தான். எனக்குப் புகைக்கத் தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

அவள் வீடு திரும்பிய நாள் லோரி மருந்தகத்துக்கு எதிரே நின்றது. ஓட்டுநர் பக்கத்திலிருந்து காத்தாயி கைப்பிள்ளையோடு மெல்ல இறங்கினாள். செல்லி லயத்திலிருந்து ஓடி வந்தாள். நேராக, புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தாள். நான் வாசலில் நின்றிருந்தேன். என்னைக் கண்டதும் காத்தாயி சேலைத் தலைப்பை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டாள். நான் பார்ப்பதை அவள் விரும்பவில்லை. அதில் எனக்குக் கேட்க ஒன்றுமில்லை.

சாய்ந்து சாய்ந்து சிறிது தூரம் நடந்தாள். நின்றாள். திரும்பாமலே கேட்டாள்:

"டிரசரே, இவனுக்கு எப்பலேர்ந்து எண்ணெ குடுக்கணும்?"

"ஒரு மாசம் போகட்டும். நாலு சொட்டுல ஆரம்பிக்கலாம்."

"சரி."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் செல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள்.